பாட்டுக்கு வெளியே ஒரு படகு



பழவேற்காடு ஏரியில் வாடைக்காற்றில் தத்தளிக்கும் சிறுபடகு. அப்பா கழி ஊன்றுகிறார். மகன் வலை விடுகிறான். முகத்துவாரத்தை ஒட்டித்தான் இறால் அதிகம். ஆனால், அங்கே 'பாடு' முறை. மீனவச் சாதியின் தலைக்கட்டுகளுக்கு மட்டுமே சீட்டுக் குலுக்கி முறை வைக்கிறார்கள். ஏரியில் பிழைக்கும் தலித்துகளுக்குச் சீட்டில்லை.

சமூகவியல் படித்த நாம் இதைப் பொதுவளப் பகிர்வின் முன்மாதிரி என்று வாசித்திருக்கிறோம். உறுப்பினர்களுக்குள் சமத்துவம் உண்மைதான். உறுப்பினர் யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்கிறதே!

அந்த அப்பா மகனுக்கு இரண்டு பாடம் சொல்லித்தருகிறார்: அலையை எப்படி எதிர்கொள்வது, எங்கே வலை விடக்கூடாது. முதலாவது தொழில், இரண்டாவது சாதி.

நெய்தலை எழுதும் நாம் இரண்டையும் எழுதுவோம். நமக்கு வேண்டியது இரக்கமல்ல, தண்ணீரில் பங்கு.