சொல்லின் மென்மையும் வன்மையும்



"செத்தார்" என்று கூற நா கூசும் இடத்தில் "இறைவனடி சேர்ந்தார்" என்கிறோம். இதனை மங்கலம் என்றும், அவையில் சொல்லத் தகாததை வேறு வாய்பாட்டால் சொல்லுவதை இடக்கரடக்கல் என்றும் இலக்கணம் வகுத்துரைக்கிறது. கேட்போர் நெஞ்சைப் புண்படுத்தாமையே இவற்றின் பயன். இங்கே எவரும் ஏமாறுவதில்லை. நிகழ்ந்தது இன்னதென யாவரும் அறிவர். அரசியலில் இதே வழக்குப் புகும்போதோ நிலைமை மாறிவிடுகிறது.

ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் வாழும் நேயர்கள் நன்கறிந்த சொல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1948 செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படைகள் நிஜாமின் ஆட்சிப் பகுதியுள் நுழைந்தன. டாங்கிகள் சென்றன, விமானங்கள் பறந்தன, படையை நடத்தியவர் மேஜர் ஜெனரல் சௌதுரி. ஐந்தாம் நாள் நிஜாம் பணிந்தார். ஆயினும் இதற்கு வழங்கிய பெயர் "போலீஸ் நடவடிக்கை" என்பதே. காரணம் இல்லாமல் இல்லை. போர் என்றால் இரு நாடுகள் வேண்டும். நிஜாம் அரசோ அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் முறையிட்டிருந்தது. போலீஸ் என்றால் அது வீட்டுக்குள் அமைதி காக்கும் பணி. வழக்கின் தீர்ப்பே ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.

எதிர்த்தரப்பார் "படையெடுப்பு" என்றனர். அந்த வன்சொல், அதற்கு முன் ரஜாக்கர்கள் விளைத்த கொடுமையை மறைத்தது. மென்சொல்லோ, பின்னர் நேர்ந்த படுகொலைகளை மறைத்தது. நேரு அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு, மாண்டவர் தொகை 27,000 முதல் 40,000 வரை இருக்கும் என மதிப்பிட்டது. அவ்வறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படவில்லை. போலீஸ் நடவடிக்கை என்று மட்டுமே கேட்டவர் இத்தனை உயிர்களை எவ்வாறு நினைத்துப் பார்ப்பார்?

1961 டிசம்பரில் கோவாவில் நிகழ்ந்ததும் இத்தகையதே. நமக்கு அது விடுதலை. லிஸ்பன் அரசுக்கு ஆக்கிரமிப்பு. எது நேர்மையானது என்பதில் நமக்கு ஐயமில்லாதிருக்கலாம். ஆனால் முடிவைச் சொல்லிவிடும் சொல், நிகழ்ச்சியைச் சொல்லிவிடுவதில்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே செய்தியைத் தமிழிலும், அவ்வூர் மொழியிலும், ஆங்கிலத்திலும் நாம் கேட்கிறோம். சொற்கள் வேறுபடும் இடத்தில் சற்றே நின்று, செய்தவர் யார், பட்டவர் யார், எத்தனை பேர் என வினவுவோம். மூன்றுக்கும் விடை கிடைத்தபின், மென்சொல்லாயினும் வன்சொல்லாயினும் நம்மை மயக்காது.