அலையின் அடியில் ஆள் இருக்கிறார்



புதுச்சேரியின் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஏது கடல், இங்கே என்ன மீனவர் ஓவியம் என்று நீங்கள் கேட்கலாம். கடல் இல்லாவிட்டால் என்ன, பட்டறை இருக்கிறதே! நான் பேசப்போகும் படங்கள் பட்டறையில் பிறந்தவை.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில் வரைந்த பேரலையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பனியனில் இருக்கிறது, கைப்பேசி உறையில் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த ஆயிரம் யென் தாளின் பின்பக்கத்திலும் அந்த அலைதான். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த நம் கரைக்கு அது சுனாமியாகத்தான் தோன்றும். ஆனால் அது சுனாமி அல்ல, கொந்தளிக்கும் கடலின் அலை. கொஞ்சம் கீழே பாருங்கள்: மூன்று படகுகள். எடோ நகரத்துச் சந்தைக்குப் புது மீன் ஏற்றிப்போகும் விரைவுப் படகுகள் அவை. எடோ என்பதுதான் இன்றைய டோக்கியோ. துடுப்புக்காரர்கள் குனிந்து படகோடு ஒட்டிக்கிடக்கிறார்கள். சந்தைக்கு நேரம் தப்பினால் மீனுக்கு என்ன விலை கிடைக்கும் என்று வீராம்பட்டினத்து மீனவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்!

சரி, இந்தப் படத்தைச் செய்தது யார்? ஹொகுசாய் மெல்லிய தாளில் வரைந்தார், அவ்வளவுதான். செதுக்குபவர் அந்தத் தாளைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தோண்டி எடுத்தார். அதோடு மூல ஓவியம் போயே போயிற்று! வண்ணங்களுக்கு வேறு வேறு பலகைகள். அச்சிடுபவர் தாளை இம்மி பிசகாமல் பொருத்தி, மூங்கில் பாளை சுற்றிய வட்டத்தால் அழுத்தித் தேய்த்தார். முதல் போட்டவர் பதிப்பாளர். படம் ஆயிரக்கணக்கில் அச்சாகிச் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு விற்றது. ஆனால் படத்தில் ஹொகுசாயின் கையெழுத்து இருக்கிறது. செதுக்கியவர் பெயர் இல்லை, அச்சிட்டவர் பெயர் இல்லை.

அந்தக் கடலின் நீலத்தில் பெர்லினில் கண்டுபிடித்த சாயமும் உண்டு, அவுரியும் உண்டு. அவுரி நமக்குப் புதிதா? பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியின் நீலத்துணி கப்பலேறிச் செனகல் வரை போயிற்று. வணிகர் பெயர் ஏட்டில் ஏறியது. தொட்டியில் கைவிட்டுத் துணியைத் தோய்த்தவர் பெயர் எங்கே?

நம் நாட்டிலும் இந்த மரப்பலகை அச்சுக் கலையில் ஒரு பெரிய கை இருந்தது. 1921இல் தினாஜ்பூரில் பிறந்து, கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் படித்த ஹரேன் தாஸ். ஜப்பானியர் போலவே பல பலகைகளில் வண்ணம் ஏற்றி, வங்காளத்து ஆற்றையும் படகையும் வலைக்காரரையும் அச்சில் கொண்டுவந்தார். உழைப்பவரைப் படத்தின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்தார்.

நம் கடற்கரைக்கு அப்படியொரு அச்சுப்பட வரிசை வேண்டாமா? கட்டுமரம், பெரியவலை, கூடை சுமக்கும் அம்மா, தேங்காய்த்திட்டுத் துறைமுகம் என்று எத்தனை இருக்கிறது! அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்துப் பிள்ளைகள் வரையட்டும். உலோகத்தில் நூலளவு பிசகாமல் வேலை செய்யும் நம் தொழிலாளர்கள் செதுக்கட்டும். வலையைப் பிடித்திருக்கும் விதம் சரிதானா என்று வீராம்பட்டினத்தார் பார்த்துத் திருத்தட்டும். அச்சாகிற ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் வரைந்தவர், செதுக்கியவர், அச்சிட்டவர், படகில் இருப்பவர் என அத்தனை பேர் பெயரும் இருக்கட்டும்!

பலகைக்கு நான் பொறுப்பு. உளி பிடிக்க வருகிறவர்கள், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!