முதுமை மறதியும் பராமரிப்பு இல்லத் தேர்வும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பெற்றோரை இறுதிக் காலம்வரை வீட்டில் வைத்துப் பேணுவதே தமிழர் மரபு. மலேசியத் தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பாலானவை இன்றும் அம்மரபையே போற்றி வருகின்றன. ஆயினும் மகனும் மருமகளும் வேலைக்குச் சென்று, பேரப்பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின், பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பெருகிவிட்டன. அத்தகைய வீட்டில் இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவர் உடனிருந்து கவனிக்க வேண்டிய நோய் ஒன்று புகுமாயின், அக்குடும்பம் எவ்வளவு அன்புடையதாயினும் தளர்ந்து போகிறது. முதுமை மறதி நோய் அத்தகையது.

வேறு வழியின்றி ஓர் இல்லத்தை நாடும் குடும்பத்தார்க்கு நோயைக் காட்டிலும் பெருந்துன்பம் தருவது ஊராரின் பேச்சு. "தாயைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான்" என்ற சொல்லுக்கு அஞ்சி, எவரிடமும் கலந்து பேசாமல், எந்த இல்லத்தில் கட்டில் காலியாக உள்ளதோ அங்கே இரவோடிரவாகச் சேர்த்துவிட்டு வருவோர் உண்டு. வெட்கத்தால் விளையும் இந்த அவசரத்தின் தீங்கை அனுபவிப்பவர் அந்த நோயாளியே. ஆகவே, ஓர் இல்லத்தை எவ்வாறு ஆராய்ந்து தெரிவு செய்வது என்பதைக் குடும்பங்கள் வெளிப்படையாகப் பேசுதல் அவசியமாகிறது.

நோயின் இயல்பு

1906ஆம் ஆண்டில் அலோய்ஸ் ஆல்சைமர் என்னும் செர்மானிய மருத்துவர் மூளைத் தேய்வு நோய் ஒன்றை விளக்கியுரைத்தார். முதுமை மறதிக்குக் காரணமான நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அவர் பெயரால் வழங்கும் ஆல்சைமர் நோயே. மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்படுவதால் வருவதும் உண்டு. மலேசிய சுகாதார அமைச்சு 2018ஆம் ஆண்டில் மேற்கொண்ட தேசிய உடல்நல ஆய்வு, 60 வயதைக் கடந்தோரில் 8.5 விழுக்காட்டினரிடம் இதன் அறிகுறிகள் இருப்பதாகக் கண்டறிந்தது. நூறு முதியவர்களில் எட்டு அல்லது ஒன்பது பேர் என்பது சிறிய தொகையன்று.

இந்நோய் அண்மைக் கால நினைவுகளையே முதலில் அழிக்கிறது. காலையில் உண்டது மறந்துபோகும். இளமையில் வாழ்ந்த லயத்து வீட்டின் வாசல் மறவாது. பின்னாளில் கற்ற மொழி பலரிடம் முதலில் மங்குகிறது. தாய்மொழி கடைசிவரை தங்குகிறது. பெயர்கள் மறைந்த பின்னும் சிறு வயதில் பாடிய பாடலும், கைகள் பழகிய தொழிலும் நிலைத்திருப்பதுண்டு.

நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அதிகாலை நான்கு மணிக்கு அவர் விழித்தெழுகிறார். வாளியையும் கத்தியையும் தேடுகிறார். பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கதவைத் தட்டுகிறார். அவருடைய வரலாற்றை அறியாத பணியாளருக்கு அது அடங்காத தொல்லை. அறிந்தவருக்கோ, அது உழைத்து வாழ்ந்த ஒரு பெண்மணியின் கடமையுணர்ச்சி. முன்னவர் கட்டிலில் கட்டிப்போட நினைப்பார். பின்னவர் ஒரு குவளைத் தேநீர் தந்து, கைபிடித்துச் சிறிது தூரம் நடத்திச் செல்வார். நல்ல இல்லத்திற்கும் தீய இல்லத்திற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதில் அடங்கும். வரவிருப்பவர் யார், எங்கே வாழ்ந்தார், என்ன தொழில் செய்தார், எதற்கு அஞ்சுவார், எதனால் மகிழ்வார் என்று இல்லத்தார் தாமாகவே கேட்கின்றனரா என்பதே முதற் சோதனை. மாதக் கட்டணத்தை மட்டும் பேசி முடிக்கும் இல்லத்தைப் பற்றி மறுமுறை சிந்தித்தல் நலம்.

பதிவும் உரிமமும்

நான்கு பேரோ அதற்கு மேற்பட்டோரோ தங்கியிருக்கும் பராமரிப்பு நிலையம், 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிவு பெறுதல் வேண்டும். தாதியர் சேவை வழங்கும் தனியார் தாதிமை இல்லங்களைச் சுகாதார அமைச்சின் உரிமத்திற்கு உட்படுத்தியது 1998ஆம் ஆண்டுச் சட்டம். முதியோர்க்கான தனியார் சுகாதாரப் பராமரிப்புக்கென 2018ஆம் ஆண்டில் தனிச் சட்டமும் தோன்றியது. எனவே, சேர்க்க எண்ணும் இல்லம் எந்த வகையைச் சேர்ந்தது, அதன் சான்றிதழ் நடப்பில் உள்ளதா, எத்தனை பேருக்கு அனுமதி, இன்று எத்தனை பேர் தங்கியுள்ளனர் என்று கேட்டறிதல் குடும்பத்தாரின் உரிமை. தீயணைப்பு மீட்புப் படையின் சோதனை நடந்துள்ளதா என்பதையும் கேட்கலாம். கம்பியிட்ட சன்னல்களும் பூட்டிய கதவுகளும் உள்ள மாடி வீட்டில், நடக்க இயலாத முதியோரைத் தீ விபத்தின்போது எவ்வழியாக வெளியேற்றுவர் என்பது தவறாது கேட்க வேண்டிய கேள்வி.

நேரில் காண வேண்டியவை

ஓர் இல்லத்தை ஒருமுறை பார்த்து முடிவு செய்தல் கூடாது. மூன்று முறையேனும் செல்லுதல் வேண்டும். முதல்முறை அறிவித்துவிட்டுச் செல்லலாம். அடுத்தமுறை உணவு வேளையிலும், மற்றொரு முறை மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையிலும் முன்னறிவிப்பின்றிச் செல்லுதல் நலம். மறதி நோயாளிகள் பலருக்கு அந்தி சாயும் நேரத்தில் கலக்கமும் அச்சமும் பெருகும். பணியாளர் மாறும் வேளையும் பெரும்பாலும் அதுவே. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், மேலாளர் இல்லாத வேளையில் இல்லம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும் காணலாம்.

வரவேற்பறையின் பளிங்குத் தரையில் மயங்காமல் உட்சென்று பார்த்தல் வேண்டும். சிறுநீர் நாற்றம் எங்கும் நிலைத்திருந்தால், டயப்பர் உரிய நேரத்தில் மாற்றப்படுவதில்லை என்பது அதன் பொருள். நற்பகலில் முதியோர் அனைவரும் கட்டிலில் கிடந்தாலோ, நாற்காலியில் துணியால் கட்டப்பட்டிருந்தாலோ அது எச்சரிக்கை. படுக்கையை விட்டு எழ இயலாதோரை எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கின்றனர், அதனைக் குறித்து வைக்கும் ஏடு உண்டா என்று கேட்டால், படுக்கைப் புண் பற்றிய அவர்களது அக்கறை விளங்கும்.

மறதி நோயாளிக்கு நடக்க வேண்டும் என்ற துடிப்பு இருக்கும். ஆகவே வெளிக்கதவு பாதுகாப்பாகவும், உள்ளே தடையின்றிச் சுற்றி நடக்கும் பாதை உள்ளதாகவும் இருத்தல் சிறப்பு. கழிவறைக் கதவில் படம் ஒட்டியிருத்தல், வழுக்காத தரை, கைப்பிடிக் கம்பி, இரவில் மெல்லிய விளக்கு ஆகியவை சிறியன போல் தோன்றினும் விழுந்து இடுப்பெலும்பு முறிவதைத் தடுக்க உதவுபவை.

உணவு வேளையில் ஒரு மூலையில் அமர்ந்து கவனியுங்கள். ஊட்டும் பணியாளர் நோயாளியின் முகத்தை நோக்கி அமர்ந்திருக்கிறாரா, நின்றவாறே அடுத்தடுத்துத் திணிக்கிறாரா? விழுங்கச் சிரமப்படுவோர்க்கு உணவை மென்மையாக்கித் தருகின்றனரா? தண்ணீர் கேட்கத் தெரியாதவர்க்கு, கேளாமலே நினைவூட்டித் தண்ணீர் தருகின்றனரா?

கேட்க வேண்டிய கேள்வி

இல்லத்தின் அறிவை அளக்க ஒரு கேள்வி பெரிதும் உதவும். "நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பிக் கூச்சலிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று தலைமைத் தாதியைக் கேளுங்கள். "இந்த நோய் அப்படித்தான்" என்று விடை வருமாயின், அங்கே பயிற்சி குறைவு. "முதலில் காய்ச்சல் உண்டா, சிறுநீர்த் தொற்று உண்டா, மலச்சிக்கலா, எங்கேனும் வலியா, புதிய மருந்து ஏதும் தொடங்கினோமா என்று பார்ப்போம், மருத்துவரை அழைப்போம், குடும்பத்தாரிடம் தெரிவிப்போம்" என்று விடை வருமாயின், அவர்கள் தொழில் தெரிந்தவர்கள். வலியை வாயால் சொல்ல இயலாதவர் நடத்தையால்தான் சொல்வார்.

அமைதிப்படுத்தும் மருந்துகளைப் பற்றியும் கேட்டாக வேண்டும். மனநோய்க்கு வழங்கப்படும் சில மருந்துகள் மறதி நோயுள்ள முதியோரின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2005ஆம் ஆண்டில் எச்சரித்தது. ஆகவே, அத்தகைய மருந்தை யார் எழுதித் தருகிறார், எதற்காக, எத்தனை நாளைக்கு, குடும்பத்தாரின் அறிவுடன்தானா என்பன தெளிவாதல் வேண்டும். இரவில் எத்தனை பணியாளர் விழித்திருக்கின்றனர், அவர்களுள் தாதியர் எத்தனை பேர் என்பதும் அவ்வாறே.

மொழியும் உணவும் வழிபாடும்

மலேசிய இல்லங்கள் பலவற்றில் அண்டை நாடுகளிலிருந்து வந்த பணியாளர்களே பராமரிக்கின்றனர். அவர்களுள் அன்பு மிகுந்தோர் பலர். ஆயினும் தமிழ் அறியார். மலாய் மொழியை மறந்துவிட்ட மூதாட்டி "தாகமா இருக்கு" என்று நாள் முழுவதும் சொன்னாலும் அது ஒருவர் செவியிலும் ஏறாது. தமிழ் பேசும் பணியாளர் ஒருவரேனும் உள்ளாரா என்று கேளுங்கள். இல்லையெனில், தண்ணி, பசிக்குது, வலிக்குது, குளிருது, பயமா இருக்கு என்பன போன்ற இருபது சொற்களை ரூமி எழுத்தில் எழுதி, மலாய்ப் பொருளுடன் கட்டிலருகே ஒட்ட அனுமதி கேளுங்கள். மகிழ்ந்து ஏற்கும் இல்லம் நல்ல இல்லம்.

மரக்கறி உண்பவர்க்குத் தனியே சமைப்பரா, மாட்டிறைச்சி உண்ணாதவர் என்பதைச் சமையலறையில் எழுதி வைத்துள்ளனரா, காலையில் நெற்றியில் திருநீறு இட்டுவிடுவரா, பழகிய பக்திப் பாடலைக் கேட்க வானொலிப் பெட்டி வைக்கலாமா என்பனவும் கேட்கத் தக்கவை. வசதிக்காகப் பெண்களின் தலைமுடியை ஒட்ட வெட்டிவிடும் வழக்கம் உண்டா என்பதையும் முன்கூட்டியே அறிக. வாழ்நாளெல்லாம் எண்ணெய் தடவிக் கொண்டையிட்ட பெண்மணிக்கு, கண்ணாடியில் தெரியும் மொட்டைத்தலை தம்முடையதென்று விளங்காமற் போகலாம்.

கணக்கும் கையெழுத்தும்

அறிவித்த கட்டணத்தில் எவையெவை அடங்கும் என்பதை எழுத்தில் பெறுதல் வேண்டும். டயப்பர், ஊட்டச்சத்துப் பால்மாவு, புண்ணுக்குக் கட்டுப்போடுதல், உடற்பயிற்சிச் சிகிச்சை, மருத்துவமனைக்குச் செல்லும் வண்டிச் செலவு ஆகியவை தனிக் கணக்காகச் சேர்வதுண்டு. முன்பணம் எப்போது திரும்பும், மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்கும் கட்டணம் உண்டா, நோய் முற்றினால் வெளியேறச் சொல்வரா என்பனவும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுதல் யாவர்க்கும் பாதுகாப்பு.

சொத்து, வங்கிக் கணக்கு முதலியவற்றை நோயின் தொடக்கத்திலேயே வழக்குரைஞரிடம் கலந்து ஒழுங்கு செய்தல் நன்று. பிறருக்கு அளித்த சாதாரண அதிகாரப் பத்திரம், அளித்தவர் சுய அறிவை இழந்தபின் பயன்தராது. அதன்பின் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாட நேரிடும்.

சேர்த்த பின் தொடரும் கடமை

இடம் மாறிய முதல் சில வாரங்கள் நோயாளிக்குக் கடுமையானவை. வீட்டுத் தலையணை, பழைய போர்வை, பெயர் எழுதிய குடும்பப் படங்கள் ஆகியவை உடன் செல்லட்டும். பிள்ளைகள் நாள்முறை வகுத்துக்கொண்டு, வெவ்வேறு நேரங்களில் சென்று காணட்டும். அடிக்கடி உறவினர் வரும் நோயாளியைப் பணியாளரும் கூடுதலாகக் கவனிப்பர். "என்னை யாரென்று தெரிகிறதா?" என்று சோதித்து வருத்தாமல், கையைப் பற்றிக்கொண்டு அருகே அமர்ந்தாலே போதும். பெயர் மறந்தாலும் தொடுதலின் இதம் அவருக்கு எட்டும்.

அன்றைய தோட்டப்புறங்களில் ஆயாக் கொட்டகை இருந்ததை மூத்தோர் அறிவர். பொழுது புலருமுன் பச்சிளங் குழந்தையை அங்கே விட்டுவிட்டுத் தாய்மார் பால்மரம் வெட்டச் சென்றனர். குழந்தையைக் கைவிட்டாள் என்று எவரும் எந்தத் தாயையும் பழிக்கவில்லை. ஆயா எத்தகையவள் என்பதைத் தாய் அறிந்திருந்தாள். குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்பதை ஆயா அறிந்திருந்தாள். வேலை முடிந்ததும் தாய் தவறாமல் வந்தாள். அம்மூன்றும் இருந்ததால் அக்குழந்தைகள் வளர்ந்து ஆளாயினர். இன்று அந்தத் தாய்மாரே குழந்தைகளாகிவிட்ட காலத்தில், பிள்ளைகள் செய்ய வேண்டுவனவும் அதே மூன்று: இடத்தை அறிதல், அவரை அங்குள்ளோர்க்கு அறிவித்தல், தவறாமல் திரும்பி வருதல்.

1997ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மலேசிய ஆல்சைமர் நோய் அறநிறுவனம் போன்ற அமைப்புகள் குடும்பத்தார்க்கு வழிகாட்டி வருகின்றன. ஆலயத்திற்கு வரும் அன்பர்களும் ஒன்று செய்யலாம். தாயை இல்லத்தில் சேர்த்த ஒருவரைச் சந்நிதியில் காணும்போது, "ஏன் சேர்த்தாய்?" என்று கேளாமல், "அடுத்தமுறை எப்போது பார்க்கப் போகிறாய்? உடன் வரட்டுமா?" என்று கேட்கலாம். அக்கேள்வி எழும் ஊரில் எந்தக் குடும்பமும் இரவோடிரவாக இல்லம் தேடி அலையாது; எந்த முதியவரும் தனித்துக் கிடக்க மாட்டார்.

அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.