பெயர் சிதைந்தாலும் கோப்பு சிதைவதில்லை



வாடகை மானியம் பெறுவோர் ஆண்டுதோறும் வருமானச் சான்றுகளை ஒப்படைத்தல் வேண்டும். அச்சான்றுகளுக்குத் தமிழில் பெயரிட்டு மின்னஞ்சலில் வைத்திருப்போர் பலர். அவற்றைத் தரவிறக்கும்போது பெயருக்குப் பதிலாகச் சதவீதக் குறிகளோ, பொருளற்ற எழுத்துகளோ தோன்றுவதுண்டு. கோப்பு பழுதாகிவிட்டதென எண்ணி அழித்துவிடாதீர்கள்; உரிய நாள் கடந்துவிடக்கூடும்.

கோப்பினை அனுப்பும் தளமே அதன் பெயரையும் உலாவிக்கு அறிவிக்கின்றது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாகும். அவற்றை உலாவி பிழையாக வாசித்தால், ஒரு குறியீடு மூன்று அந்நியக் குறிகளாகிவிடும். 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6266 என்னும் இணைய விதி இதற்குச் சீரான வழி வகுத்தது. எனினும் எல்லாத் தளங்களும் அதனைப் பின்பற்றுவதில்லை.

முதலில், பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னுள்ள பகுதியைப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் அது மறைந்திருப்பின், கோப்புறையின் காட்சிப் பட்டியலில் தெரியச் செய்யலாம். சான்றினை எதிர்பார்த்த இடத்தில் 'எக்ஸ்இ' என்றிருந்தால் அது ஆவணமன்று, செயலி, திறக்காதீர்கள். 'பிடிஎஃப்' என்றிருந்தால் திறந்து சரிபார்த்து மூடுங்கள். பின்னர் வலச்சொடுக்கிப் பெயரை மாற்றுங்கள். புள்ளிக்குப் பின்னுள்ளதை மாற்றாதீர்கள்.

வீட்டிற் கணினி இல்லாதோர் ரொறன்ரோ பொது நூலகக் கிளைகளில் இலவசமாகப் பயன்படுத்தலாம். பணி முடிந்ததும் உங்கள் கோப்பினை அங்கிருந்து அழித்துவிடுங்கள்.