கலத்தின் செலாவணி

கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டை, தெகியோவிற்றை, தெரணியகலை முதலிய ஊர்களைச் சூழ்ந்த இறப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகின்றது. பால்வெட்டுபவர் மரத்துக்கு மரம் நடந்து, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, சிரட்டையைச் சரிசெய்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குச் செல்கின்றார். வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம் மட்டுமன்று, மரத்தின் சட்டமுமாகும். இரவெல்லாம் நீரை உறிஞ்சிய பால்நாளங்கள் விம்மி நிற்கும் வேளை அது. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அந்த அமுக்கம் குறையும், பாலும் குறையும்.

வெட்டுகின்ற கையிலும், வெட்டுப்படுகின்ற மரத்திலும் அவ்வேளையில் ஒரே விதமான கொடுக்கல் வாங்கல் நடைபெறுகின்றது. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத சிறு கலங்களால் ஆனவை. அக்கலங்களிற் புழங்கும் நாணயமும் ஒன்றே.

எந்த உயிரும் சக்தியைப் புதிதாக ஆக்குவதில்லை. இலை சூரிய ஒளியைப் பிடித்துச் சர்க்கரைக்குள் அடைத்து வைக்கின்றது. தொழிலாளி உண்ணும் கோதுமை ரொட்டியில் இருப்பதும், எங்கோ ஒரு நாட்டு வயலில் கோதுமைப் பயிர் சேமித்த வெயில்தான். ஆயினும் சர்க்கரையாகவும் மாப்பொருளாகவும் கொழுப்பாகவும் கிடக்கும் சக்தியைக் கலம் நேரே செலவிட இயலாது. வீட்டில் நெல் மூட்டை மூட்டையாக இருக்கலாம். அதற்காக பஸ்ஸில் ஏறி நெல்லைக் கொடுத்துச் சீட்டு வாங்க முடியுமா? சில்லறை வேண்டும். கலத்தின் சில்லறைக்கு அடினோசின் முப்பொசுபேற்று என்பது பெயர், சுருக்கமாக ஏ.ரி.பி. என்பர். மூன்று பொசுபேற்றுக் கூறுகள் வரிசையாகக் கோத்த மூலக்கூறு இது. கடைசிக் கூறு பிரியும்போது வெளிப்படும் சக்தியைக் கொண்டே தசை சுருங்குகின்றது, நரம்பு செய்தி அனுப்புகின்றது, மரம் பால் சுரக்கின்றது. பிரிந்த கூறு உணவின் சக்தியால் மீண்டும் ஒட்டப்படுகின்றது. மனித உடலில் ஒரு நேரத்தில் உள்ள ஏ.ரி.பி. ஏறத்தாழ நூறு கிராமுக்கு மேற்படாது. அதுவே திரும்பத் திரும்பக் கைமாறுவதால், ஒரு நாளில் செலவாகும் மொத்தம் அம்மனிதனின் உடல் எடை அளவுக்கு வந்துவிடுகின்றது.

இந்த நாணயத்தைக் கண்டவர்களுள் ஒருவர் சென்னையில் மருத்துவம் பயின்றவர் என்பதைப் பலர் அறியார். அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், 1923இல் அமெரிக்கா சென்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பிஸ்கே என்பவருடன் ஆராய்ந்தார். தசையில் அவசரத் தேவைக்கெனக் காத்திருக்கும் பொசுபோகிரியேற்றின் இருப்பை இருவரும் 1927இல் வெளிப்படுத்தினர். 1929இல் ஏ.ரி.பி.யையும் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதனைக் கண்டார்.

இனி, இந்தச் சில்லறை அச்சாகும் இடத்தைப் பார்க்கலாம். ஒட்சிசன் இல்லாமலே கலம் குளுக்கோசை ஓரளவு உடைக்கக்கூடும். அவ்வழியில் ஒரு மூலக்கூறு குளுக்கோசுக்குக் கிடைக்கும் ஆதாயம் 2 ஏ.ரி.பி. மட்டுமே. ஒட்சிசன் தாராளமாகக் கிடைத்தால், கலத்துக்குள் இருக்கும் இழைமணிகள் மீதி வேலையைச் செய்து ஏறத்தாழ 30 வரை ஈட்டித் தருகின்றன. அங்கு நடப்பது களனி கங்கைக் கரையில் வாழ்வோருக்குப் புதிதன்று. அந்நதியின் கிளையாகிய கெகெல்கமு ஓயாவின் நீரை உயரத்தில் தேக்கி, கீழே விழச் செய்து, சக்கரத்தைச் சுழற்றியே 1950 முதல் லக்ஷபான மின்நிலையம் மின்சாரம் தந்தது. இழைமணியும் ஐதரசன் அயன்களை ஒரு மென்படலத்தின் ஒரு பக்கத்தே தேக்கி, நுண்ணிய புரதச் சக்கரம் ஒன்றின் வழியே திரும்ப விடுகின்றது. சக்கரம் சுழல ஏ.ரி.பி. உண்டாகின்றது. 1961இல் பீற்றர் மிச்செல் இந்தக் கருத்தைச் சொன்னபோது நம்பியவர் சிலரே. 1978இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அச்சக்கரம் மெய்யாகவே சுழல்வதை 1997இல் யப்பானிய ஆய்வாளர்கள் நுணுக்குக்காட்டியிற் கண்டனர்.

மரத்தின் கணக்கு என்ன? சிரட்டையில் விழும் பால், உயிருள்ள கலங்களின் உள்ளடக்கமே. இறப்பர் என்பது ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. சர்க்கரையிலிருந்து அக்கண்ணி ஒன்றை ஆக்கும் வழியில், ஒரு கட்டத்தில் மட்டும் 3 ஏ.ரி.பி. செலவாகின்றது. இழந்த பாலை மீண்டும் நிரப்ப மரத்துக்குச் சர்க்கரையும் காலமும் வேண்டும். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டும் வழக்கத்தின் காரணம் இதுவே. ஆசை மிகுந்து நாள்தோறும் வெட்டினால், சில மரங்களின் வெட்டுப்பட்டை வறண்டு பால் அறவே நின்றுவிடும். மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்பதில் தோட்ட நிர்வாகத்துக்கு ஐயம் எழுவதில்லை.

மனிதருக்கு அத்தனை எளிதில் அந்த நியாயம் கிடைப்பதில்லை. மலையேறுகையில் மூச்சு வாங்கி நடுவே நின்றுவிடும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது இரும்பைக் கொண்ட ஈமோகுளோபின். இழைமணியின் உள்ளேயும் இரும்பு இல்லாமல் வேலை நடவாது. இரும்பு குறைந்தால், உண்ட ரொட்டி வயிற்றில் இருந்தும் சில்லறை அச்சாகாது. தசை அந்த 2 ஏ.ரி.பி. வழியையே கூடுதலாக நாடி, இலக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

இரத்தினபுரிச் சீமையிலும் தேயிலையே பலரின் பிழைப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடையே நடந்து, 1977இலும் 1979இலும் வெளியான ஆய்வுகள் இதனை ஐயமின்றிக் காட்டின. ஈமோகுளோபின் குறைந்தவர்களால் ஓடுபொறியில் மற்றவர்களைப் போல நெடுநேரம் நடக்க முடியவில்லை. இரும்புச்சத்து கொடுத்து அதனை உயர்த்தியதும் அவர்கள் பறித்த கொழுந்தின் அளவு கூடியது. சோகை மிகுந்திருந்தவர்களிடமே முன்னேற்றமும் மிகுந்தது. அன்றாட நடமாட்டம்கூட அதிகரித்தது. குறை மனத்தில் இல்லை, இரத்தத்தில் இருந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. தேயிலை பறிப்பவர் உணவோடு சேர்த்துக் குடிக்கும் சாயத் தேநீரே, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாமல் தடுக்கின்றது. தேநீரை விட வேண்டுவதில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாற் போதும். கீரையில் தேசிக்காய் பிழிவதும், நெத்தலிக் கருவாடு சேர்ப்பதும் இரும்பு உடலிற் சேர்வதற்கு உதவும்.

கருவுற்ற தாய்மாருக்கு அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் இரும்புச்சத்தோடு போலிக் அமிலமும் தரப்படுகின்றது. இரத்தக் கலங்கள் உருவாவதற்கு இன்றியமையாத அப்பொருளைச் செயற்கையாக ஆக்கும் முறையை 1945இல் வெளியிட்டது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடம். அங்கு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவரும் அதே சுப்பாராவ்தான். இரும்பு மாத்திரையையும் தேநீருடன் விழுங்கலாகாது. தண்ணீருடன் விழுங்க வேண்டும்.