ஒரு ஓட்டைக்கு ஒரு அடி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இருபது நிமிஷம் பேசுப்பா, தலைப்பு உன் இஷ்டம்" என்று சங்கச் செயலாளர் சொன்னார். வேலைவாய்ப்பு பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். மேஜை மேல் இருப்பது மெக்கானோ பட்டைகளில் செய்த விமானம். இறக்கை 55 அங்குலம். விருத்தாசலத்திலிருந்து திட்டக்குடிக்குப் பேருந்தில் வரும்போது இறக்கையைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். "தம்பி, இது டிவி ஆன்டெனாவா?" என்று கேட்டார் கண்டக்டர்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது எட்டு வயதில். அப்பா கடலூர் போய்விட்டு வரும்போது ஒரு மெக்கானிக்ஸ் பெட்டி வாங்கி வந்தார். ஓட்டை போட்ட பட்டைகள், சின்னச் சின்ன நட்டு, போல்ட்டு, ஒரு ஸ்பேனர். என் மாமா விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர். பியூஸ் கேரியரும் அகல் விளக்கும் சுட்டு எடுத்தே கை காய்த்துப் போனவர். அவர் ஒரு பட்டையை இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்தார். ஓட்டையும் ஓட்டையும் அப்படியே பொருந்தின. "எங்க சரக்கு சூளைக்குள்ள போய் வந்தா நூத்துக்குப் பத்து சுருங்கிடும்டா. அதுக்குன்னே அச்சைப் பெருசா வெட்டணும். இங்க எதை எடுத்தாலும் சேருதே!" என்றார். அளவு என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்கு இந்தக் கல்லூரியிலும் கிடைக்கவில்லை. பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் லிவர்பூல் நகரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஃபிராங்க் ஹார்ன்பி. தன் பிள்ளைகளுக்காகத் தகட்டை வெட்டி, ஓட்டை போட்டு, பாரந்தூக்கி செய்தவர். 1901-ல் காப்புரிமை பெற்றார். 1907-ல் 'மெக்கானோ' என்று பெயர் வைத்தார். ஓட்டைக்கு ஓட்டை அரை அங்குலம், அவ்வளவுதான் சூத்திரம். லிவர்பூல் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது. ஆனால் பழைய பெட்டி எங்கே கிடைத்தாலும் அதன் பட்டை இன்னொரு பெட்டியின் பட்டையோடு சேரும். இதைக் குழந்தை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1934-ல் மான்செஸ்டரில் ஹார்ட்ரீயும் அவருடைய மாணவர் போர்ட்டரும் மெக்கானோ துண்டுகளை வைத்தே வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரம் செய்தார்கள். மூன்றாம் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்தவர்கள் கவனிக்கவும்.

நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். 1909-ல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திக்கொண்டிருந்த கார்சிகாக்காரர் ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ் சும்மா இருக்க முடியாமல், தானே ஒரு விமானத்துக்கு வடிவம் போட்டார். கட்டித் தந்தது யார் தெரியுமா? குதிரை வண்டி செய்து பேர் வாங்கிய சிம்ப்சன் கம்பெனி. 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அதைப் பறக்க விட்டார். சமையலறைக் கணக்குப் பார்த்தவரும் வண்டிப் பட்டறைத் தச்சர்களும் சேர்ந்து செய்த விமானம்! இன்று தொட்டுப் பார்க்க அது இல்லை. யாரும் எடுத்து வைக்கவில்லை.

இப்போது மேஜை மேல் இருப்பது. இது பி-24 லிபரேட்டர். நான்கு என்ஜின், ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர். குண்டு போடும் அறையின் கதவு கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டில் சுருண்டு ஏறும். இரண்டாம் உலகப் போரில் 18,000-க்கு மேல் செய்து தள்ளினார்கள். அழகான விமானம் இல்லை. கர்ப்பமான எருமை மாதிரி வயிறு. எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வேறு.

போர் முடிந்தது. கான்பூர் சக்கேரி விமானத் தளத்தில் லிபரேட்டர்கள் வரிசையாகக் கிடந்தன. அமெரிக்காவிலிருந்து கடன் குத்தகையில் வந்தவை. திருப்பி எடுத்துப் போகவும் முடியாது, மற்றவர் பயன்படுத்தவும் கூடாது. அதனால் போகிறபோது அவற்றைக் கெடுத்துவிட்டுப் போனார்கள். கருவிகளை அடித்து நொறுக்கினார்கள், உடம்பில் ஓட்டை போட்டார்கள், என்ஜினில் மணலைக் கொட்டினார்கள். என்ஜினில் மணல் என்றால் என்ன என்று நம்ம பக்கத்து டிராக்டர்காரரைக் கேளுங்கள், அழுதுவிடுவார்.

1948-ல் நம் விமானப்படைக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் வேண்டியிருந்தது. வெளியே வாங்கப் பணம் இல்லை. பெங்களூர் ஹெச்.ஏ.எல். அந்தக் குப்பை மேட்டைச் சரி செய்து தருகிறேன் என்றது. ஒன்றின் இறக்கை, இன்னொன்றின் வால், மூன்றாவதின் சக்கரம் என்று பொறுக்கிச் சேர்த்தார்கள். இப்படி முடிந்தது ஏன்? வேறு வேறு நாளில் செய்த விமானமானாலும் ஓட்டையும் ஓட்டையும் பொருந்தும்படி செய்யப்பட்டவை அவை. நான் முன்னே சொன்ன அரை அங்குலக் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

அங்கேயே முழுதாகப் பழுது பார்க்க வசதி இல்லை. பறக்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டு, சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளியிருந்த பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போய், அங்கேதான் முழுசாகப் பிரித்துச் சேர்த்தார்கள். அப்படி 42 விமானங்கள். ஓட்டிப் போனவர் ஜம்ஷெத் கைகோபாத் முன்ஷி. ஒவ்வொரு முறையும் யாரோ வேண்டுமென்றே கெடுத்து வைத்த விமானத்தில் ஏறி உட்கார வேண்டும். ஒரு பைப்புக்குள் மணல் மிச்சம் இருக்கிறதா என்பது மேலே போன பிறகுதான் தெரியும். நான் என் மாடலில் மூக்குப் பகுதியைச் சேர்க்கும்போதெல்லாம் அந்த மனுஷனைத்தான் நினைத்துக்கொள்வேன்.

1948 நவம்பரில் ஐந்தாம் ஸ்குவாட்ரன் இவற்றோடு தொடங்கியது. 1968 வரை நம் லிபரேட்டர்கள் பறந்தன. உலகத்தில் வேறெங்கும் இவை காயலான் கடைக்குப் போய்விட்ட காலம் அது. பிறகு வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் நம்மைத் தேடி வந்தன. 1969-ல் ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போனது. 1974-ல் ஒன்று பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனது. கெடுத்துவிட்டுப் போன விமானத்தையே நம்மிடம் வந்து வாங்கிப் போனார்கள்!

இந்த மாடலை மூன்று வருஷமாகக் கட்டினேன். பட்டைகள் பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்தவை. துருவைச் சுரண்டவே ஒரு மழைக்காலம் போனது. அளவு சுலபம்: ஒரு ஓட்டைக்கு ஒரு அடி. நிஜ விமானத்தின் இறக்கை 110 அடி, இதில் 110 ஓட்டை இடைவெளி. இறக்கை மட்டும் நாலு தடவை தொங்கிப் போய், நாலு தடவையும் பிரித்தேன்.

பிரிப்பது பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று பேருந்தில் வரும்போதெல்லாம் யோசித்தேன். மூன்றாம் ஆண்டில் டைனமிக்ஸ் லேபில் ஹார்ட்னெல் கவர்னர் ஒன்று இருந்தது. ஒரு மதியம் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதைக் கழற்றினேன். ஸ்பிரிங் துள்ளிப் போனது, ஸ்லீவ் வளைந்தது. திரும்பச் சேர்க்கத் தெரியவில்லை. துணியைப் போட்டு மூடிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் பழி விழுந்தது என் நண்பன் மேல், லேப் சாவியை வாங்கியவன் அவன் என்பதால். 300 ரூபாய் அபராதம். அவன் வீட்டில் அன்றைக்கு அது பெரிய பணம். அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. இன்று நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். டேய், பணத்தை மதியச் சாப்பாட்டின்போது தந்துவிடுவேன். இத்தனை வருஷத்துக்கு வட்டி கேட்காதே. அந்த ஸ்பிரிங் இதோ, முதல்வர் ஐயாவிடம் ஒப்படைக்கிறேன்.

கான்பூர் கதையை எங்கே படித்தாலும் எனக்கு உறுத்துவது இதுதான். மணலைக் கொட்டியவர்கள் கூட்டத்தில்தான் நான் அன்று இருந்தேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெப்பவியல் லேபில் இருந்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜினையும் ஒர்க்‌ஷாப்பின் மூலையில் கிடக்கும் பழைய லேத்தையும் கண்டம் செய்து ஏலம் விடப் போவதாகக் காலையில் கேள்விப்பட்டேன். இடம் வேண்டும், புதுக் கருவி வர வேண்டும், நியாயம்தான். எடைக்குப் போவதற்கு முன் இரண்டு மாதம் மட்டும் அவற்றை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கையில் கொடுங்கள். முழுசாகப் பிரிக்கட்டும். ஒவ்வொரு பாகத்தையும் அளந்து வரையட்டும். திரும்பச் சேர்க்கட்டும். ஓடினால் பிறகு நீங்களே ஏலத்தை யோசிப்பீர்கள். ஓடாவிட்டால் வரைபடமாவது நம்மிடம் மிஞ்சும். பல்லாவரத்தில் பறந்ததற்கு அதுகூட மிஞ்சவில்லை. சனிக்கிழமைதோறும் நான் வருகிறேன். ஸ்பேனர் செட் என்னுடையது. லேப் சாவியை மட்டும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். முதல்வர் ஐயா சிரிக்கிறார். சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மாடலை எல்லாரும் வந்து தொட்டுப் பார்க்கலாம். ஷட்டர் கதவை மெதுவாக இழுங்கள். காலையில் மேடைக்குத் தூக்கி வரும்போது மூன்றாம் என்ஜினிலிருந்து ஒரு நட்டு விழுந்துவிட்டது. யார் காலடியிலாவது கிடந்தால் எடுத்துக் கொடுங்கள்.