பூ ஊறிய எண்ணெய்

தோலுக்குப் பூசும் பூ எண்ணெயை வீட்டிலேயே செய்யலாம். ஆவாரம்பூ, ரோஜா, செம்பருத்தி எதுவானாலும் இதழை நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். வடசென்னையில் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உலர்த்துவதுதான் சிரமம். கடற்காற்றில் ஈரம் அதிகம். மொட்டைமாடியில் விரித்தாலோ ஆலைப் புகையும் லாரித் தூசியும் படியும். வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில், இதழ் நொறுங்கும்வரை காயவைப்பதே நல்லது.

உலர்ந்த இதழைக் கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு போட்டு, மூழ்கும்படி தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஊற்றி மூடி, இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டலாம். செம்பருத்தி போட்டும் எண்ணெய் சிவக்கவில்லையே என்ற கவலை வேண்டாம். அந்தச் சிவப்பு நீரில் கரைவது, எண்ணெயில் இறங்காது.

மல்லிகை மட்டும் வேறு ரகம். காய்ந்தால் மணம் போய்விடும். உத்தரப் பிரதேசத்து ஜவுன்பூரில் எள்ளையும் புதுப் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மாற்றி மாற்றி வைத்து, மணமேறிய எள்ளைச் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுப்பது பழைய வழக்கம். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை அது.

வடித்த எண்ணெயை முழங்கை மடிப்பில் சிறிது தடவி, ஒருநாள் பார்த்த பிறகே முகத்தில் பூசலாம். சிக்கு வாடை வந்த எண்ணெய் தோலுக்கு ஆகாது.